எஃப்எஸ்செக் எரர்னு போனேன், கேபிள மாத்தி அனுப்பினாங்க

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ற ஒரு மாடிக் கடை, போர்டு கூட கிடையாது, பழைய பிரிண்டரா குவிச்சு வெச்சிருக்கற படில ஏறிப் போகணும். அஞ்சுக்கு நாலு ஸ்டார் தாராளமா குடுக்கலாம்.

வீட்ல இருக்கறது பழைய டெஸ்க்டாப், உபுண்டு லினக்ஸ். ஆன் பண்ணா கறுப்பு ஸ்கிரீன்ல சிஸ்டம் முழுசா கிளம்பாம பாதியிலயே இனிட்ராம்எஃப்எஸ் ப்ராம்ப்ட் வந்து நிக்கும், எஃப்எஸ்செக்க (டிஸ்க்ல இருக்கற ஃபைல் சிஸ்டத்தச் சோதிச்சு சரிபண்ற புரோகிராம்) நீயே கையால ஓட்டிக்கோன்னு மெசேஜ், ஸ்டேட்டஸ் கோடு 4. பூட் ஆகறப்ப அது தானா சரிபண்றது ஆபத்தில்லாத சின்னத் தப்பை மட்டும்தான், 4 வந்தா இன்னும் மிச்சம் இருக்குன்னு அர்த்தம். நானும் மைனஸ் ஒய் போட்டு எல்லாத்துக்கும் எஸ் குடுத்து ஓட்டுவேன், பூட் ஆகும், ரெண்டு நாள்ல மறுபடி அதே கதை, மூணாவது தடவை போட்டோ ஃபோல்டர் ஒண்ணக் காணோம், இடம் தெரியாம போன ஃபைல எஃப்எஸ்செக் போட்டு வெக்கற லாஸ்ட் ஃபவுண்ட் ஃபோல்டர் உள்ள போய்ப் பார்த்தா பேரெல்லாம் போய் வெறும் நம்பரா கிடக்கு. வீட்டுப் பக்கத்துக் கடைல கேட்டா டிஸ்க் காலி, புதுசு வாங்கி விண்டோஸ் போட்டுக்கோங்கன்னாங்க.

இந்தக் கடைப் பையன் முதல்ல கேட்டதே "பேக்கப் எடுக்காம எதுக்குண்ணா எல்லாத்துக்கும் எஸ் குடுத்தீங்க?" பதில் இல்ல என்கிட்ட. பென்டிரைவ்ல பூட் பண்ணி, என் டிஸ்க்க ரீட் ஒன்லியா, அதாவது படிக்க மட்டும் முடியற மாதிரி மவுன்ட் பண்ணி ஹோம் ஃபோல்டர வேற டிஸ்குக்கு காப்பி எடுத்துட்டுதான் மத்த வேலையே. அப்புறம் ஸ்மார்ட் ரிப்போர்ட், அதாவது டிஸ்க் தன்னோட நிலைமையத் தானே குறிச்சு வெக்கற கணக்கு. அதுல 5ஆம் நம்பர், 197ஆம் நம்பர் வரி ரெண்டுலயும் ஜீரோ, அதாவது டிஸ்க்ல பேட் செக்டார், கெட்டுப்போன இடம் எதுவும் தெரியல. ஆனா 199ன்னு ஒரு வரி, சிஆர்சி எரர், கேபிள் வழியா போறப்ப டேட்டா கெட்டுப்போன எண்ணிக்கை, அது 400ஐத் தாண்டி, காப்பி எடுக்க எடுக்க கண்ணு முன்னாடியே ஏறுது. கேபினட்டத் திறந்தா டிஸ்க்க மதர்போர்டோட இணைக்கற சாட்டா கேபிளோட கிளிப் உடைஞ்சு லொடலொடன்னு ஆடிட்டிருக்கு! எழுதறப்ப நடுவுல லிங்க் அறுந்து அறுந்து போனா ஃபைல் சிஸ்டம் கெடாம என்ன பண்ணும். கேபிள மாத்தி, பார்ட்டிஷன மவுன்ட் பண்ணாம எஃப்எஸ்செக் ரெண்டு தடவை ஓட்டினான், ரெண்டாவது தடவை கிளீன்.

கேபிளுக்கு 100, கூலி 300. அந்த 199 நம்பர் குறையாதாம், ஏறாம இருந்தா போதும்னான். மூணு வாரமா 431லயே நிக்குது.

ஒரு ஸ்டார் குறைச்சதுக்குக் காரணம், பில் கேட்டா சிரிக்கிறாங்க, அப்புறம் அரை மணின்னு சொல்லி மூணு மணி நேரம் நிக்க வெச்சாங்க. வண்டி எடுத்துட்டுப் போயிடாதீங்க, நிறுத்த இடமே கிடைக்காது, சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷன்ல இறங்கி நடந்துடுங்க.