எம்.ஆர்.டி. டெஸ்ட்: 'நெகட்டிவ்' என்றால் எத்தனை செல் பார்த்து நெகட்டிவ்?

எம்.ஆர்.டி. என்றால் சிகிச்சைக்குப் பிறகும் உடம்பில் மிச்சம் இருக்கும் நோய்ச்செல்கள். ஏ.எல்.எல். ரத்தப் புற்றுநோய்க்கு முதல் கட்ட கீமோ முடியும்போது, அது தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய 29-ஆம் நாள், அந்த மிச்சத்தைத் தேடி எடுக்கும் போன் மேரோ (எலும்பு மஜ்ஜை) சோதனை இது. மைக்ரோஸ்கோப்பில் பிளாஸ்ட் (முதிராத செல்கள்) 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலே 'ரெமிஷன்', அதாவது நோய் அடங்கியது, என்று எழுதிவிடுவார்கள். ஆனால் பத்தாயிரத்தில் ஒரு நோய்ச்செல் பதுங்கியிருந்தாலும், செல்களை ஒவ்வொன்றாக லேசரில் ஓட்டிப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி காட்டிக்கொடுத்துவிடும். ரிப்போர்ட்டில் வரும் 0.01% அந்தக் கணக்குதான்.

கொடுக்கும் காசுக்குத் தகுமா? தாராளமாக. 13,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவைத் தொகுத்த 2017 ஆய்வில், மிச்சம் இல்லாத குழந்தைகளில் 77% பேர் பத்தாண்டு கழித்தும் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களில் 32%தான். பெரியவர்களில் இது 64%, 21%.

சறுக்குவது பெரும்பாலும் ஊசி முனையில். முதல் இழுப்பில் வரும் 2–3 மி.லி. எம்.ஆர்.டி.க்கான ஈ.டி.டி.ஏ. (உறையாமல் தடுக்கும் மருந்து உள்ள) ட்யூபுக்குப் போக வேண்டும். பல இடங்களில் அது வேறு சோதனைகளுக்குப் போய்விடும். அடுத்தடுத்த இழுப்பில் ரத்தம் கலந்து, மிச்சம் குறைவாகத் தெரியும். மாதிரி லேபுக்குப் போகத் தாமதமானாலும் செல்கள் செத்துப்போகும்.

அடுத்து எண்ணிக்கை. 5 லட்சம் செல் ஓட்டினால் 0.01% என்பது 50 செல், கூட்டமாகத் தெரியும். 50,000 மட்டும் ஓட்டினால் வெறும் 5. அதை நோய் என்றும் சொல்ல முடியாது, தூசி என்றும் ஒதுக்க முடியாது. எத்தனை செல் பார்த்தோம் என்று போடாத ரிப்போர்ட்டை அப்படியே வாங்கிவராதீர்கள், கேளுங்கள்.

கீமோவுக்குப் பிறகு புதிதாக முளைக்கும் இளம் பி-செல்களும் நோய்ச்செல் மாதிரியே இருக்கும். சி.டி.19 என்பது பி-செல்களின் மேல் இருக்கும் ஓர் அடையாளப் புரதம். அதைக் குறிவைக்கும் பிளினடுமோமாப் மருந்து போட்டவர்கள் அதை ரிக்விசிஷன் படிவத்திலேயே எழுத வேண்டும்; நோய்ச்செல்லில் சி.டி.19 மறைந்துபோயிருந்தால், அதை வைத்துத் தேடும் லேப் கோட்டைவிடும்.

2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி பெற்ற குளோனோசீக் என்ற டி.என்.ஏ. சோதனை, மாதிரியில் டி.என்.ஏ. போதுமான அளவு இருந்தால் பத்து லட்சத்தில் ஒன்றைக்கூடப் பிடிக்கும். 29-ஆம் நாள் முடிவுக்கு நல்ல ஃப்ளோவே போதும் என்பது எங்கள் கருத்து.

பாசிட்டிவ் வந்தால் வழி அடைபட்டது என்றில்லை. மிச்சம் 0.1%-க்கு மேல் இருந்த பெரியவர்களுக்கு பிளினடுமோமாப் கொடுத்த 'பிளாஸ்ட்' (BLAST) என்ற பெயருடைய ஆய்வில், ஒரே சுற்றில் 78% பேருக்கு மிச்சம் மறைந்தது.

குளோனோசீக் பின்னால் தேவைப்படலாம் என்றால், நோய் கண்டறிந்த அன்று எடுத்த மேரோ ஸ்லைடை லேபில் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். நோய்ச்செல்லின் எந்த டி.என்.ஏ. வரிசையைத் தேடுவது என்று அதிலிருந்துதான் தெரியும்.