போர்டா, போரிங்கா?

‘எனக்குப் போர் அடிக்கிறது’, ‘படம் போர் அடிக்கிறது’ என இரண்டையும் தமிழில் ஒரே வினையால் சொல்லிவிடுவதால், ஆங்கிலம் பேசும்போது போர்டு (bored), போரிங் (boring) இரண்டில் எந்தச் சொல்லை எடுப்பது என்று பலரும் தடுமாறுகிறார்கள்.

எதைக் குறிக்கும்?
போர்டு: சலிப்படைந்தவரின் நிலை. (தமிழில் எழுதினால் பலகையும் நினைவுக்கு வரும், அது வேறு சொல்.)
போரிங்: சலிப்பை உண்டாக்கும் பொருள் அல்லது ஆள்.

உடன் வருவது
போர்டு: பின்னால் ‘வித்’ அல்லது ‘பை’ வரும், ‘ஆஃப்’ (of) பேச்சில் பரவிவிட்டாலும் தேர்வுத்தாளில் தவிர்ப்பது நல்லது.
போரிங்: ‘போரிங் லெக்சர்’ என்பதுபோலப் பெயர்ச்சொல்லுக்கு முன் நேராக நிற்கும்.

தவறினால்
வேறுபாடு உறைப்பது இங்குதான். நேர்காணலில் ஒருவர், பழைய வேலை அலுத்துவிட்டது என்று சொல்ல நினைத்து ‘ஐ வாஸ் போரிங்’ என்றால், இவர் பழகுவதற்கே அலுப்பூட்டுபவர் என்று எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார். ‘தி மூவி வாஸ் போர்டு’ என்றாலோ, படமே கொட்டாவி விட்டதுபோல ஒலிக்கும். சிரிப்பு வருமே தவிர, யாருக்கும் கேடில்லை.

ஆகவே, தம் மனநிலையைச் சொல்பவருக்குப் போர்டு. அதன் காரணத்தைச் சுட்டுபவருக்குப் போரிங். முறையான கடிதத்தில் ஒன்றை மறுக்க வேண்டுமானால் இரண்டும் பொருந்தா. ‘நாட் இன்ட்ரஸ்டெட்’ போதும்.