திருகோணமலைக் கடற்கரையில் மெட்டல் டிடெக்டர்: சில சீசன் பாவித்த பிறகு எழுதுவது

நிலாவெளியில் படகுச் சேவையும் டைவிங்கும் நடத்துகிற இடமொன்றில் வேலை செய்கிறேன். வருகிற ஆட்கள் கடலில் நகையைத் தொலைப்பது ஒவ்வொரு சீசனும் நடக்கிற காரியம். அதற்காகவே முதலாளி ஒரு மெட்டல் டிடெக்டர் எடுத்து வைத்தார், அதைத் தூக்கிக்கொண்டு போவது என் பொறுப்பாகிவிட்டது. யூடியூப்பில் வருவதெல்லாம் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, அமெரிக்கக் கடற்கரைகள். நம்முடைய மணலில், நம்முடைய நகைக்கு இது எப்படி வேலை செய்கிறது என்று தமிழில் எழுதியதை நான் காணவில்லை, அதனால் தெரிந்ததை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எங்களிடம் இருந்தது ஒரே ஃப்ரீக்வென்சியில் (அதிர்வெண்ணில்) ஓடுகிற மலிவான இயந்திரம். காய்ந்த மணலில் நன்றாகத்தான் வேலை செய்தது. ஈர மணலுக்கு இறங்கினால் ஒரே கீச்சுச் சத்தம், எது நகை எது தண்ணீர் என்று பிரிக்கவே முடியாது. காரணம் இதுதான்: தண்டின் நுனியில் இருக்கிற கொயிலிலிருந்து (கம்பிச் சுருள் வட்டிலிருந்து) போகும் காந்தப்புலம் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும், அந்த ஓட்டம் திருப்பி அனுப்புகிற சின்னப் புலத்தைத்தான் இயந்திரம் சத்தமாக்கித் தருகிறது. உப்புத் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும், ஆகவே ஈர மணல் முழுவதுமே ஒரு உலோகம் போல அதற்குத் தெரியும். சத்தத்தை அடக்க சென்சிட்டிவிட்டியை, அதாவது உணர்திறனை, குறைத்தால் மெல்லிய நகையும் சேர்ந்தே மறைந்துபோகும்.

இதற்கு மருந்து, ஒரே நேரத்தில் பல ஃப்ரீக்வென்சியில் ஓடுகிற வகை. அவை உப்பின் பதிலையும் உலோகத்தின் பதிலையும் ஒப்பிட்டு உப்பைக் கழித்துவிடும். முன்பு அது பெரிய விலை. 2018 இல் மைன்லாப் நிறுவனத்தின் எக்வினொக்ஸ் வந்த பிறகு நடுத்தர விலைக்கு இறங்கியது, பிறகு துருக்கியின் நொக்டா நிறுவனம் லெஜண்ட் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. இப்போது நாங்கள் பாவிப்பதும் இந்த வகையில் ஒன்றுதான், தண்ணீருக்குள்ளும் கொண்டு போகலாம். கடற்கரைக்கு என்று வாங்குகிறவர்களுக்கு நான் அடித்துச் சொல்வேன்: ஒற்றை ஃப்ரீக்வென்சி வகையில் காசைப் போடாதீர்கள். விலை குறைவுதான், ஆனால் நகை தொலைகிற இடம் பெரும்பாலும் தண்ணீர்க் கரையும் இடுப்பளவுக் கடலும்தான், அங்கே அது வாயை மூடாது.

வெளிநாட்டு வீடியோக்களில் வற்றுப்பெருக்கு நேரம் பார்த்து, கடல் நூறு இருநூறு மீற்றர் பின்வாங்கியதும் போய் ஈர மணலில் நடந்து தேடுவார்கள். திருகோணமலையில் அந்தக் கதை இல்லை. இங்கே பெருக்குக்கும் வற்றுக்கும் இரண்டடி வித்தியாசம் வந்தாலே பெரிய காரியம். ஆகவே தண்ணீருக்குள் விழுந்ததைத் தண்ணீருக்குள் நின்றுதான் எடுக்க வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை கடல் குளம் மாதிரிக் கிடக்கும், அப்போது பிரச்சினை இல்லை. வாடைக்காற்று தொடங்கிவிட்டால் நவம்பர், டிசம்பரில் இறங்கவே முடியாது, ஆனால் அந்த வாடைதான் சில வேளை நமக்கு உதவியும் செய்கிறது. பெரிய அலைகள் கரை மணலை வெட்டிக்கொண்டு போகும்போது, ஆவணியில் ஆழத்தில் புதைந்து எட்டாமல் இருந்த மோதிரம், தை மாசியில் கொயிலுக்கு எட்டுகிற தூரத்துக்கு வந்துவிடும். கிடைக்கவில்லை என்று திரும்பிப் போனவர்களின் போன் நம்பரை நான் எழுதி வைப்பது இதனால்தான்.

இனி முக்கியமான விஷயம். 22 கரட் தங்கம் மணலைவிட ஆறு ஏழு மடங்கு கனம். அலை அடிக்கிற இடத்தில் மணல் இளகிக்கொண்டே இருக்கும், தங்கம் விழுந்தால் அந்த இளகிய மணலுக்குள் நேராக இறங்கும், கீழே சிப்பித் துண்டும் முருகைக்கல் துண்டும் படிந்து கிடக்கிற இறுகிய தளத்தில் போய் நிற்கும். "கடல் இழுத்துக்கொண்டு போயிட்டுது" என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் கடல் இழுத்துக்கொண்டு போனது நகையை அல்ல, ஆளை. இடுப்பளவு தண்ணீரில் அரை மணித்தியாலம் விளையாடினால் நீரோட்டம் உங்களைக் கரையோரமாக நகர்த்திக்கொண்டே போகும், உங்களுக்குத் தெரியாது. கை வெறுமையாக இருப்பதைக் கவனிக்கிற இடம் வேறு, மோதிரம் கழன்ற இடம் வேறு. ஆகவே காட்டுகிற இடத்திலிருந்து நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகத்தான் நான் தேடத் தொடங்குவேன். இதைத் தெரிந்துகொண்ட பிறகு கிடைக்கிற வீதம் நன்றாக மாறியது, எந்த புதிய இயந்திரமும் செய்யாத மாற்றம் அது.

ஒரு ஆடி அமாவாசை அன்று உப்புவெளியில் நடந்ததைச் சொல்கிறேன். வவுனியாவிலிருந்து ஒரு அம்மா, தகப்பனுக்காகத் தலை முழுக வந்தவர், ஒன்பது பவுண் தாலிக்கொடியைக் கடலில் விட்டுவிட்டார். நான் போகும்போது அவர் நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டிருக்கிறார், வெளியே வரமாட்டேன் என்கிறார். மகன்மார் இரண்டு பேர் காலால் மணலைத் துழாவிக்கொண்டிருக்கிறார்கள். முதல் வேலையாக அவர்களை நிற்பாட்டினேன். காலால் துழாவினால் இளகின மணலில் நகை இன்னும் கீழே போகும். "அம்மா, எந்த அலையில கால் தடுமாறினது எண்டு ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டேன். "முழுகி எழும்பேக்க ஒண்டு அடிச்சது தம்பி, சீலை காலைச் சுத்தினது, அதை இழுத்து விட்டனான்" என்றார். எந்த இடத்தால் இறங்கினீர்கள் என்று கேட்டதற்குக் கரையில் செருப்பு விட்ட இடத்தைக் காட்டினார். அவர் நின்ற இடம் அதற்குப் பத்து இருபது அடி வடக்கே. சோளகம் என்கிற தென்மேல் காற்று நேரம், அன்றைக்கு நீரோட்டமும் வடக்கே போய்க்கொண்டிருந்தது. ஆகவே செருப்புக்கு நேராகக் கம்பு நட்டு, அதிலிருந்து கயிறு கட்டி, கயிற்றோரமாகப் போய் வரத் தொடங்கினேன்.

கொடிச் சத்தம் மோதிரச் சத்தம் மாதிரி வராது. மோதிரம் ஒரு மூடிய வளையம், சுழல் மின்னோட்டம் அதில் தாராளமாகச் சுற்றும், சத்தம் உருண்டையாக, இரண்டு பக்கம் வீசினாலும் ஒரே மாதிரி வரும். சங்கிலியை இயந்திரம் ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது, அதனால் கிழிந்த மாதிரி அங்கங்கே துண்டுத் துண்டாக ஒரு சத்தம். நூல் மாதிரியான சங்கிலி என்றால் அதுவும் கேட்காது. இந்த அம்மாவுடைய கொடியில் தாலி கனமானது, அது மட்டும் ஒரு இடத்தில் நின்று திரும்பத் திரும்பப் பேசியது. காலைப் பின்னால் ஊன்றி, மணல் அள்ளுகிற ஓட்டைச் சட்டியான ஸ்கூப்பை இறக்கினேன், இரண்டாவது அள்ளில் மணல் ஓட்டை வழியாக வடிந்து போக, விளிம்புக்கு வெளியே கொடியின் ஒரு முனை தொங்கியது. கொடுத்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கொளுவி திறந்து கிடந்தது, ஒரு கண்ணி கூடக் குறையவில்லை.

உலோகத்துக்கு உலோகம் இயந்திரத்தின் திரையில் விழுகிற நம்பர்களைப் பற்றி. வெளிநாட்டுக்காரர் "தங்க மோதிரம் இந்த நம்பரில் விழும்" என்று பட்டியல் போடுவார்கள். அது 9, 14 கரட் மோதிரங்களுக்கு. தங்கத்தில் கலப்பு கூடக் கூட மின்கடத்தல் வெகுவாகக் குறையும், ஆகவே நம்முடைய 22 கரட் மோதிரமும் காப்பும் அவர்கள் சொல்வதைவிட மேலே விழும். சொந்தக்காரர் வீட்டில் மோதிரம், காப்பு, தோடு, கொடி எல்லாம் வாங்கி மேசையில் வைத்து ஒவ்வொன்றாகக் கொயிலுக்கு முன்னால் ஆட்டிப் பார்த்து நம்பரை எழுதி வையுங்கள், அது எந்தப் பட்டியலைவிடவும் பயன்படும். இன்னொன்று, தொலைத்தவரிடம் அதே மாதிரி இன்னொரு நகை இருந்தால் அதை வாங்கிச் சோதித்துவிட்டுத் தொடங்குவேன். தம்பதிகள் என்றால் கணவனின் மோதிரம் இருக்கும்.

சிரமம் கொடுக்கிற சாமான்கள் நிறைய. பேணியின் இழுப்பு வளையமும் சிகரெட் பெட்டித் தாளும் தங்கத்தின் நம்பரிலேயே வந்து நிற்கும், அவற்றை ஒதுக்கச் சொன்னால் இயந்திரம் மோதிரத்தையும் ஒதுக்கும். ஆகவே எல்லாவற்றையும் தோண்டித்தான் ஆக வேண்டும். கரைவலை இழுக்கிற இடங்களில் ஈயக் குண்டு, அதுவும் அசல் மோதிரச் சத்தம் கொடுக்கும். இப்போதைய நாணயங்கள் உருக்கு என்பதால் நம்பர் ஓரிடத்தில் நிற்காமல் துள்ளும். நிலாவெளியில் இவை எல்லாவற்றுக்கும் மேலாக 2004 டிசம்பர் 26 சுனாமியின் மிச்சம் கிடக்கிறது. ஆணி, கதவுப் பிணைச்சல், கரண்டி, நெளிந்த அலுமினியச் சட்டி. இத்தனை வருடத்துக்குப் பிறகும் வருகிறது. ஒருமுறை பெயரின் முதலெழுத்து வெட்டிய சில்வர் மூடி ஒன்று வந்தது, பின் ஒழுங்கையில் இருக்கிற ஒரு மாமி பார்த்த மாத்திரத்தில் தன்னுடைய வீட்டுச் சாமான் என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு இரும்புச் சத்தம் என்று தெரிந்தாலும் கொஞ்சம் பெரிதாக இருந்தால் தோண்டிப் பார்க்காமல் விடுவதில்லை. துப்பாக்கி ரவை, வெடித்த ரவையின் கோது மாதிரி எது தெரிந்தாலும் கையை எடுத்துவிட்டுப் பொலிசுக்குச் சொல்லுங்கள், அதில் விளையாட்டு வேண்டாம்.

சட்டமும் அனுமதியும் இங்கே சின்ன விஷயம் இல்லை. புதையல் தோண்டியதாகப் பிடிபடுகிறவர்கள் செய்தியில் அடிக்கடி வருகிறார்கள், கையில் இந்த இயந்திரத்தோடு கண்டால் யாரும் முதலில் அதைத்தான் நினைப்பார்கள். தொல்பொருள் தேடித் தோண்ட அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. வாங்குவதற்கு முன்பே சுங்கத்திலும் பாதுகாப்பு அமைச்சிலும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் முதலாளி அந்தக் கடதாசி வேலை முடிந்த பிறகுதான் பெட்டியையே திறந்தார். தேடப் போகும்போது நகையைத் தொலைத்தவர் என்னோடு வர வேண்டும், பக்கத்துப் பொலிசுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். கோட்டைப் பக்கமும் கோணேசர் கோயில் மலையடிவாரக் கடலும் எனக்குத் தொடக்கூடாத இடங்கள். போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் தூண்கள் அங்கே கடலடியில் கிடக்கின்றன, 1956 இல் மைக் வில்சன் என்ற சுழியோடி முழுகிக் கண்டவை. என்ன நகை விழுந்தாலும் அங்கே நான் இயந்திரத்தோடு இறங்கமாட்டேன். புறாத் தீவும் அப்படித்தான், தேசிய பூங்கா, முருகைக்கல் உள்ள இடத்தில் தோண்டுவது நினைக்கவும் கூடாத காரியம். படகில் ஏறும் முன்னமே நகையைக் கழற்றி வைக்கச் சொல்லிவிடுகிறேன்.

இயந்திரத்தின் உழைப்பைப் பற்றிச் சொன்னால், மின்னணுப் பகுதி நன்றாகத் தாக்குப் பிடிக்கிறது, பிளாஸ்டிக்தான் நோஞ்சான். கொயில் தண்டோடு சேருகிற காது வெடித்தது, தண்டின் பூட்டுக்குள் மணல் புகுந்து நீட்டவும் மடக்கவும் முடியாமல் இறுகியது, சார்ஜ் ஏறுகிற பித்தளைப் புள்ளிகளில் பச்சை பூத்தது. விற்றவர்களுக்கு எழுதினால் வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்கிறார்கள், அனுப்புகிற செலவு பாகத்தின் விலையைவிடக் கூட. இப்போது ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவுகிறேன். எங்கள் கிணறு சவர், அது உதவாது, குடிக்கிற தண்ணீர் தாங்கியிலிருந்துதான் எடுக்க வேண்டும். தண்டைக் கழற்றி உள்ளும் கழுவி நிழலில் காயவிட்டால் நீண்ட நாள் வரும்.

பின்பொய்ன்டர் என்கிற கைக்குச்சியை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். தோண்டிய குழிக்குள் நகை எந்தப் பக்கம் என்று காட்டுவது அதுதான், எங்களிடம் இருப்பது கரட் கிழங்கு நிறத்தில் கர்ரெட் என்ற நிறுவனத்தின் குச்சி ஒன்று. ஸ்கூப்பை டவுனில் ஒரு வெல்டிங் கடையில் செய்வித்தோம், துருப்பிடிக்காத உருக்கு, ஓட்டை ஏழு மில்லிமீற்றர். பெரிய ஓட்டை வைத்தால் மணல் சீக்கிரம் வடியும், ஆனால் தோடு அதனூடாகப் போய்விடும்.

கிடைக்காதவற்றையும் சொல்ல வேண்டும். ஒற்றைக்கல் மூக்குத்தி தண்ணீருக்குள் எனக்கு ஒருமுறையும் கிடைத்ததில்லை. தோடு மூன்று நான்கு விரற்கிடைக்குக் கீழே போய்விட்டால் சத்தம் வராது. மோதிரம் என்றால் ஒரு சாண் ஆழத்திலும் கேட்கிறது, காப்பு அதற்கும் கீழே. ஆட்கள் மண்வெட்டி கொண்டுவந்து கிண்டிவிட்ட இடத்தில் தேடுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம், ஏனென்றால் மணல் கும்பிக்குள் நகை எங்கேயும் இருக்கலாம், ஒழுங்காகக் கோடு கோடாகத் தேட முடியாது. தொலைந்தது தெரிந்தவுடன் ஒருவர் அசையாமல் நிற்க, இன்னொருவர் கரைக்குப் போய் அவருக்கு நேராக ஒரு கம்பு நடட்டும், பின்னால் தெரிகிற தென்னையையும் கட்டடத்தையும் சேர்த்து ஆளைப் படம் எடுக்கட்டும். அடுத்த நாள் வந்தாலும் அந்தப் படத்தை வைத்து இடத்தைப் பிடித்துவிடலாம்.

குச்சவெளிக்கு அப்பால், புல்மோட்டைப் பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் வேறு ஆலோசனை. அங்கே இல்மனைற்றுக் கறுப்பு மணல், இரும்பு கலந்தது, பல ஃப்ரீக்வென்சி இயந்திரமும் அதில் தடுமாறி ஆழத்தை இழக்கிறது. கிரவுண்ட் பலன்ஸை, அதாவது மணலின் பதிலைக் கழிக்கிற சரிசெய்தலை, ஒவ்வொரு பத்து அடிக்கும் திருப்பிச் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு, காந்தப்புலத்தைத் துடிப்புத் துடிப்பாக அனுப்புகிற பல்ஸ் இன்டக்‌ஷன் வகைதான் சரி, உப்பையும் கறுப்பு மணலையும் அது பொருட்படுத்தாது. ஆனால் இரும்பைப் பிரித்துக் காட்டாது, ஆணிக்கும் தாலிக்கும் ஒரே மாதிரிச் சத்தம் போடும், ஆகவே நிலாவெளிக் கரைக்கு அதை வாங்கினால் நாள் முழுக்க ஆணிதான் பொறுக்க வேண்டிவரும்.