ஃபெதோஸ்கினோவா, பாலேக்கா: எந்த அரக்குப் பெட்டியை வாங்குவது?

ரஷ்ய அரக்குச் சிற்றோவியப் பெட்டி ஒன்றை வாங்க எண்ணுவோர் பெரும்பாலும் ஃபெதோஸ்கினோ, பாலேக் ஆகிய இரண்டு ஊர்களின் பெட்டிகளுக்கு இடையில்தான் தடுமாறுகிறார்கள். அடிப்பொருளில் வேறுபாடு இல்லை: அட்டைத் தாள்களை ஒட்டி அழுத்தி, ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து, சூளையில் உலர்த்திய பெட்டியே இரண்டும்.

தோற்றம்: மாஸ்கோவுக்கு அருகிலுள்ள ஃபெதோஸ்கினோவில், 1795இல் வணிகர் கோரபோவ் தொடங்கிய பட்டறையின் வழி வந்தது ஒன்று. மற்றது இவானோவோ பகுதியின் பாலேக்கில், 1917 புரட்சிக்குப் பின் கிறித்தவத் திருவுருவப் படங்களுக்கான தேவை அற்றுப்போனதால் பிழைப்பிழந்த ஓவியர்கள், 1924இல் கூட்டுறவாகச் சேர்ந்து வளர்த்தது.

வண்ணம்: ஃபெதோஸ்கினோவில் எண்ணெய் வண்ணம், பாலேக்கில் முட்டை மஞ்சள் கரு கலந்த டெம்பரா என்னும் வண்ணம்.

ஒளி: ஃபெதோஸ்கினோ ஓவியர் வண்ணத்துக்கு அடியில் முத்துச்சிப்பித் துண்டையோ உலோகப் பொடியையோ வைப்பதால், பெட்டியைச் சற்றுச் சாய்த்தால் பனியும் அந்திவானமும் உள்ளிருந்து மினுங்கும். பாலேக்கில் கறுப்புப் பின்னணியின் மீது மயிரிழை போன்ற பொற்கோடுகள் ஓடும். அந்தப் பொன்னை ஓநாய்ப் பல்லால் தேய்த்து மெருகேற்றுவது வழக்கம்.

பராமரிப்பு: இரண்டையும் வெயிலிலும் ஈரத்திலும் வைக்கலாகாது.

விலை: கையால் தீட்டிய எதுவும் மலிவன்று, அச்சுப்படத்தை ஒட்டி அரக்குப் பூசிய போலிகளே மலிவு. உருப்பெருக்கியில் அச்சுப் புள்ளிகள் தெரிந்தால் வாங்க வேண்டாம்.

மூன்று குதிரைகள் பூட்டிய வண்டி, தேநீர் விருந்து, இயற்கைக் காட்சி போன்றவற்றை உயிர்ப்போடு காண விரும்புவோருக்கு ஃபெதோஸ்கினோ. நாட்டார் கதைகளையும் நீண்டு மெலிந்த உருவங்களையும் விரும்புவோருக்குப் பாலேக். என் சாய்வு பாலேக்கின் பக்கமே.