பழைய கார் ஸ்டீரியோவுல ஐபாட் மாட்டினது – காரைக்குடி அனுபவம்

சிங்கப்பூர் சித்தப்பா எப்பவோ கொண்டாந்து குடுத்த 160 ஜிபி ஐபாட் கிளாசிக், அப்பாவுக்கு அது உசுரு. கார்ல இருக்குறது கம்பெனி ஸ்டீரியோ, சிடியும் எஃப்எம்மும் மட்டும்தான், வெளியில இருந்து வயர் சொருகிப் பாட்டு கேக்குற ஆக்ஸ் ஓட்டை கூட கெடையாது. ஸ்டீரியோவ மாத்திருவோம்னா டேஷ்போர்ட்ல கைய வைக்கக்கூடாதுன்னுட்டாரு. பழைய வீட்டுத் தேக்கு நிலைய பேத்து எடுக்கச் சொன்ன மாதிரி ஒரு பார்வ வேற.

மொதல்ல ஆன்லைன்ல 600 ரூவாய்க்கு ஒரு எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்குனேன், லைட்டர் சாக்கெட்ல சொருகுறது, ஐபாட் பாட்ட குட்டி ரேடியோ ஸ்டேஷன் மாதிரி காத்துல அனுப்பும், ஸ்டீரியோவுல அந்த நம்பர வச்சுக் கேக்கணும். ஊருக்குள்ள பரவால்ல. திருச்சி ரோட்டுல திருமயம் தாண்டுனதும் கொர்ர்ர்னு எரைச்சல், காரைக்குடியில காலியா இருக்குற ஃப்ரீக்வென்சி அங்கிட்டுப் போனா காலியா இருக்குறதில்ல. ஒரு தடவ அப்பத்தா முருகன் பாட்டு கேட்டுட்டு வர்றாங்க, பக்கத்துல ஒரு வேன் வந்துச்சு, அவனும் அதே நம்பர்ல இதே மாதிரி ஒன்னு வச்சிருந்தான் போல, முருகன் போயி குத்துப்பாட்டு வந்துருச்சு நம்ம ஸ்பீக்கர்ல. எஃப்எம்ல எந்த சிக்னலுக்கு பலம் ஜாஸ்தியோ ரேடியோ அதத்தான் புடிக்கும், இன்னொன்ன அமுக்கிரும். நம்மளுது உள்ள டேஷ்போர்ட்ல உக்காந்திருக்கு, ஆன்டெனா வெளிய கூரை மேல, நடுவுல தகரம், பின்ன எப்படி ஒழுங்கா போயிச் சேரும்? அப்பத்தா "யாருடா இவன்"னு கேட்டதுக்கு என்னத்த சொல்ல.

அப்புறம்தான் நூறடி ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன கார் ஆடியோ கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணே ஸ்டீரியோவ மாத்துங்கன்னு தள்ளிவிடல, அதுக்கே தனி மார்க்கு. "தம்பி, காத்துல அனுப்புறதுனாலதான் தொல்ல, வயர்லயே குடுத்துருவோம்"னாரு. வயர் எஃப்எம் மாடுலேட்டர்னு தீப்பெட்டியவிட கொஞ்சம் பெரிய டப்பா. ஸ்டீரியோ பின்னாடி வர்ற ஆன்டெனா வயர கழட்டி நடுவுல இத சொருகிடுறாங்க. ஸ்விட்ச போட்டா வெளி ஆன்டெனா கட், ஐபாட் பாட்டு மட்டும் நேரா ரேடியோவுக்குள்ள போகும். டப்பா 1400, மாட்டுற கூலி 300.

சத்தம் எப்படின்னா, டிரான்ஸ்மிட்டரோட வச்சுப் பாத்தா மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். திருச்சி வரைக்கும் போயிட்டு வந்தோம், ஒரு எடத்துலயும் எரைச்சல் இல்ல. ஆனா சிடி அளவுக்கு எதிர்பாக்காதீங்க, எஃப்எம்ல 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல எதுவும் வராது, ஜால்ரா சத்தமெல்லாம் கொஞ்சம் மழுங்கித்தான் கேக்கும். ஹெட்ஃபோன் ஓட்டையில இருந்து எடுத்தா ஐபாட் வால்யூம முக்காலுக்கு மேல ஏத்தாதீங்க, கரகரங்கும். ஐபாட் அடியில சார்ஜ் போடுற ஓட்டையில சொருகுற 30 பின் லைன் அவுட் கேபிள் கெடச்சா அதுதான் சரி, சத்தம் ஒரே அளவுல வரும், வால்யூம் பிரச்சனையே இல்ல.

ஒரு சிக்கல் வந்துச்சு. லைட்டர் சாக்கெட்ல சார்ஜ் போட்டுக்கிட்டே பாட விட்டா ங்ங்ங்னு ஒரு சத்தம், ஆக்ஸிலேட்டர மிதிச்சா அதுவும் கூட ஏறுது. சார்ஜர்லயும் ஆடியோ வயர்லயும் ரெண்டு பக்கம் எர்த் ஆகுறதுனால ஆல்டர்னேட்டர் சத்தம் உள்ள வருதாம். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்னு ஒன்னு, 250 ரூவா, ஆடியோ வயர் நடுவுல மாட்டுனதும் நின்னுருச்சு. இத மொதல்லயே சொல்லியிருக்கலாம் அண்ணே.

கொறையும் சொல்லணும்ல. பதினோரு மணிக்கு வரச் சொல்லிட்டு கடை தொறந்தது பன்னெண்டரைக்கு. பேனல் கிளிப் ஒன்ன ஒடச்சுட்டு சொல்லவே இல்ல, ஆத்தங்குடி ரோட்டுல போறப்ப டொக்கு டொக்குனு அடிச்சுதான் தெரிஞ்சுச்சு. கேட்டதும் காசு வாங்காம மாத்திக் குடுத்தாரு, அது வரைக்கும் ஓகே. அஞ்சுக்கு நாலு குடுப்பேன்.

மாட்டுறவங்க அந்த ஸ்விட்ச கண்ணுல படுற எடத்துல வைக்கச் சொல்லுங்க. எங்களுக்கு ஸ்டீரிங்குக்குக் கீழ வச்சுட்டாரு, அப்பா அத ஆஃப் பண்ணாமயே 100.5ல கோடை பண்பலைய தேடிட்டு, ரேடியோ கெட்டுப்போச்சுன்னு ரெண்டு தடவ கடைக்கே போன் அடிச்சுட்டாரு.