பழைய மடிக்கணினியில் பைத்தான்: விண்டோஸ் 7-ஆ, டெபியனா?

2 ஜிபி ரேம், விண்டோஸ் 7. பைத்தான் என்ற நிரல் மொழியின் புதுப் பதிப்பைப் போட்டால் செட்டப்பே மறுத்துவிடும், 3.9 முதல் விண்டோஸ் 7-க்கு ஆதரவு கிடையாது. அதை எப்படியோ திணித்தாலும் ஏதோ டிஎல்எல் கோப்பைக் காணோம் என்று பெட்டி எட்டிப் பார்க்கும். அந்தக் கோப்பைக் கண்ட தளத்திலிருந்து இறக்காதீர்கள். பைத்தான் 3.8 ஓடும். நிறுவும்போது, நிரல்களைக் கணினி தேடும் இடங்களின் பட்டியலான 'பாத்'தில் சேர்க்கும் கட்டத்தில் டிக் அடிக்க மறந்தால், கமாண்ட் பிராம்ப்ட் பைத்தானா, யாரது என்று கேட்கும். ஆனால் 3.8-இன் பராமரிப்பு 2024-இலேயே முடிந்துவிட்டது. பல புது லைப்ரரிகள் அதில் ஏறாது.

லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியன் 12-இல் வருவது பைத்தான் 3.11. 32 பிட் கணினிக்கும் பதிப்பு உண்டு. லைப்ரரிகளை நிறுவும் கருவியான பிப் மட்டும் நேரடியாக நிறுவ விடாது. முதலில் வென்வ், அதாவது பைத்தானுக்கென ஒரு தனிச் சூழல், உருவாக்க வேண்டும். வைஃபை முரண்டு பிடித்தால், போனை யூஎஸ்பியில் மாட்டி இணையம் வாங்கிக்கொள்ளலாம். என் ஓட்டு டெபியனுக்கே. கல்லூரிப் பாடத்துக்கு சி மொழிக்கான பழைய மென்பொருளான டர்போ சி மட்டும் போதுமென்றால், சரி, விண்டோஸே இருக்கட்டும்.