பவுன்ஸ் மஷ்ரூம் வாங்கப் போகிறீர்களா? துண்டை எப்போது வெட்டினார்கள் என்று கேளுங்கள்

ரீஃப் டேங்க், அதாவது உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மஷ்ரூம் கோரல் என்கிற காளான் வடிவப் பவளம் விற்கும் ஒருவர், அதிலேயே குமிழ் குமிழாக வீங்கும் பவுன்ஸ் மஷ்ரூம் என்று சொல்லி, அப்போதுதான் பிளேடால் அறுத்த துண்டு ஒன்றை எனக்கு அனுப்பினார். அது கரைந்து போனதும் பழியை என் தண்ணீர்மேல் போட்டுவிட்டார். பெயரைப் போடப் போவதில்லை. பெயரை மாற்றிக்கொண்டு வேறு யாரும் இதையே செய்யலாம், அதனால் எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

முதலில் படம். கொழுத்த கொப்புளங்கள், ஆரஞ்சும் பச்சையுமாக, முழுக்க நீல வெளிச்சத்தில் எடுத்தது. நீல வெளிச்சத்தில் படம் எடுப்பதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பவளத்தில் உள்ள ஒளிரும் புரதங்கள் நீல ஒளியை வாங்கிப் பச்சையாகவும் சிவப்பாகவும் திருப்பி விடுகின்றன, நம் டேங்கிலும் வெள்ளை விளக்கு அணைந்த பிறகு அப்படித்தான் தெரியும். ஆனால் பவளத்தோடு சேர்ந்து பின்னால் கிடக்கிற மணலும் பம்ப்பும்கூட மினுமினுக்கிறது என்றால் படத்தில் நிறத்தை ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வெள்ளை வெளிச்சத்தில் ஒரு படம் கேட்டேன், "லைட் டைமர்ல இருக்கு சார், நாளைக்கு அனுப்புறேன்" என்றார். அந்த நாளை வரவே இல்லை, பார்சல்தான் வந்தது.

உள்ளே ஃபிராக் பிளக்கில், அதாவது பவளத் துண்டை ஒட்டி வைக்கும் சின்ன அடிக்கட்டையில், சூப்பர் குளூ ஜெல் வைத்து ஒட்டிய ஒரு சின்னத் துண்டு. ஒரு பக்கம் வளைவாக இருக்கிறது, மறுபக்கம் நேர்கோடு. நடுவில் இருக்க வேண்டிய வாய் அந்த வெட்டு ஓரத்தில் பாதியாக நிற்கிறது, அதன் வழியே வெள்ளை நூல் நூலாக உள்ளிருக்கும் இழைகள் வெளியே தொங்குகின்றன. பார்த்தவுடனே தெரிந்துவிடும், இது ஆறாத காயம்.

வெட்டிப் பெருக்குவது ஏமாற்று வேலை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மஷ்ரூமை வாய் வழியாக இரண்டாகவோ நான்காகவோ அறுத்தால் ஒவ்வொரு துண்டும் வாயை வளர்த்துக்கொண்டு வட்டமாகிவிடும், சில நேரம் தானே நகர்ந்து பாதத்தின் (கல்லைப் பிடிக்கும் அடிப்பாகத்தின்) துணுக்கை விட்டுவிட்டுப் போகும், அதிலிருந்தும் குட்டி வரும். ஆனால் ஆறுவதற்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும். ஒழுங்கான ஆள் அதுவரை தன் டேங்கில் வைத்திருந்து, துண்டு தானாகக் கல்லைப் பிடித்த பிறகுதான் விற்பார். மஷ்ரூமின் உடம்பு வழவழவென்று இருக்கும், பசையில் சரியாக நிற்காது, ஆறியதற்குப் பசை தேவையும் இல்லை. அதனால் மஷ்ரூமுக்கு அடியில் பசையைப் பார்த்தாலே சந்தேகப்படுங்கள்.

அடுத்து உத்தரவாதம். "உயிரோடு வந்து சேரும்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார், பை பிரித்த சில மணி நேரத்துக்குள் செத்த படம் அனுப்பினால்தான் பணம். அறுத்த துண்டு அவ்வளவு சீக்கிரம் சாகாது என்பது நமக்கு முன்பே அவருக்குத் தெரியும். முதலில் சுருங்கும், அப்புறம் சளி விடும், பிறகு ஓரத்திலிருந்து பழுப்பாகக் கரையும், அதற்குள் கெடு முடிந்திருக்கும். நானும் கேட்டேன். "உங்க தண்ணியிலதான் பிரச்சினை சார்" என்றார். உப்படர்த்தி 1.025, வெப்பம் 25 டிகிரி, நைட்ரேட் எல்லாம் அளந்து அனுப்பினேன். லைட் அதிகம் என்றார். அடியில் நிழலில்தான் வைத்திருக்கிறேன் என்றேன். "அப்போ லைட் பத்தல சார்." இதற்கு என்ன பதில் சொல்வது? அதே டேங்கில் அதே மூலையில் சாதாரண டிஸ்கோசோமா மஷ்ரூம்கள் கல் முழுக்கப் பரவிக்கொண்டிருக்கின்றன. மஷ்ரூமுக்குக் கல்லெலும்பு கிடையாது, கடினப் பவளம் மாதிரி கால்சியத்துக்கு அலையாது, தண்ணீர் கொஞ்சம் அழுக்காக இருந்தால்கூடச் சந்தோஷமாக இருக்கும்.

பவுன்ஸ் என்ற விஷயத்திலும் நல்ல மறைப்பு இருக்கிறது. பவுன்ஸ் என்பது ரொடாக்டிஸ் என்ற மஷ்ரூம் வகைதான், மேலே உள்ள முடிச்சுகள் குமிழாக வீங்கியிருக்கும். நிஜமான பவுன்ஸே இடம் மாறினால் தட்டையாகிவிடும், சாதாரண ரொடாக்டிஸும் சில நாள் உப்பிக்கொண்டு நிற்கும். ஆக எதை அனுப்பினாலும் "செட்டில் ஆனதும் குமிழ் வரும்" என்று சொல்லித் தப்பிக்கலாம். படத்தில் இருப்பது எங்கே என்று கேட்டதற்கு, "அது தாய்க் கோரல் சார், எல்லாத்துக்கும் அந்தப் படம்தான் போடுவோம்" என்றார். கூச்சமே இல்லாமல்.

எனவே உங்களுக்கு வரப்போகும் அதே துண்டின் வீடியோவை வெள்ளை வெளிச்சத்தில் கேளுங்கள், மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும், வாயும் பாதமும் தெரிய வேண்டும். எப்போது வெட்டியது என்று கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். பிளக்கின் அடிப்பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள். எனக்கு வந்ததில் இலவசமாக ஓர் அய்ப்டேசியா, டேங்கில் களை மாதிரி பரவும் சின்னக் கடல் அனிமோன், ஒட்டிக்கொண்டிருந்தது, அதைச் சுரண்டினால் மிச்சத் துணுக்கிலிருந்து இன்னும் பெருகும், பிளக்கையே தூக்கிப் போட்டேன்.

ஏற்கெனவே இப்படி ஒரு துண்டு உங்கள் கைக்கு வந்துவிட்டதா? மறுபடி பசை வைக்காதீர்கள். சின்ன டப்பாவில் பவளக்கல் துணுக்குகளைப் பரப்பி, துண்டை அதன்மேல் விட்டு, டப்பாவின் வாயை வலையால் மூடி, ஓட்டமும் வெளிச்சமும் குறைவாக இருக்கும் இடத்தில் வையுங்கள். தீனி வேண்டாம், தினமும் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம். பிழைத்தால் தானே ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளும். பழுப்புச் சளியாகி நாற ஆரம்பித்தால் டப்பாவோடு வெளியே எடுத்துவிடுங்கள். டேங்குக்குள் வைத்து அதைக் கிளறாதீர்கள். யூமா என்ற மஷ்ரூம் ரகம் பக்கத்தில் இருந்தால் இதில் இன்னும் அவசரம் காட்டுங்கள், கரைவதில் அதற்கு ஈடு கிடையாது.